ஜமாஅத் தலைமையிடம் கணக்குக் கேட்கலாமா?

திருவாரூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து துபாய் போய் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம்: "எங்கள் பள்ளிவாசலுக்கு நஞ்சையும் தென்னந்தோப்பும் கடைத்தெருவில் வாடகைக் கடைகளும் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகள் அனுப்பும் பணமும் வருகிறது. ஏழு வருஷமாகப் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கவில்லை. கேட்டால், 'தலைமைக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை, ஃபித்னா (ஊருக்குள் குழப்பம்) பண்ணாதே' என்கிறார்கள். அந்தக் காலத்து இஸ்லாமியப் பேரரசுகளில் தலைவர்களை யாரும் கேள்வி கேட்டதே இல்லையா? கேட்காததால்தான் அவை விழுந்தனவா? நாங்கள் என்ன செய்யலாம்?"

தம்பி, முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கூட்டுறவுத் தணிக்கையில் முப்பது வருஷம் பேரேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் ஜமாஅத்தில் ஒரு தவணை செயலாளராக இருந்தேன். கணக்குக் கேட்கிறவனுக்கு வரும் கோபமும் தெரியும், கேட்கப்படுகிறவனுக்கு வரும் எரிச்சலும் தெரியும்.

கட்டுப்படுவது பற்றி உங்களிடம் ஓதிக் காட்டுவது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 59ஆம் வசனமாக இருக்கும். அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் உங்களில் அதிகாரம் உடையோருக்கும் கட்டுப்படுங்கள் என்று அது தொடங்குகிறது. சரி, கட்டுப்படத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தையும் ஓதச் சொல்லுங்கள். நம்பி விடப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படையுங்கள், தீர்ப்பளித்தால் நீதியோடு தீர்ப்பளியுங்கள் என்று 58 சொல்கிறது. பொறுப்பில் இருப்பவனுக்கு உள்ள கடமையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களின் கடமைக்கு வருகிறது. 59இன் பிற்பாதி இன்னும் முக்கியம்: உங்களுக்குள் பிணக்கு வந்தால் அல்லாஹ்விடமும் தூதரிடமும் கொண்டு போங்கள் என்கிறது. பிணக்கு வரும் என்பதை வசனமே எதிர்பார்த்திருக்கிறது. கேள்வியே ஃபித்னா என்றால் அந்தப் பாதி எதற்கு?

அதோடு, குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது, இரண்டாம் அத்தியாயம் 282. எழுதுபவர் யார், சாட்சி யார், தொகை சின்னதாக இருந்தாலும் எழுதச் சலிக்காதீர்கள் என்றெல்லாம் விரிவாகப் போகும். தணிக்கைக்காரனாக எனக்கு அந்த வசனத்தின் மேல் தனிப் பிரியம்.

நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு சம்பவத்தையும் கேளுங்கள். பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்டார்கள். "இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்றார் அவர். "உம் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா?" என்று கேட்டார்கள் நபியவர்கள். அப்புறம் மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஏறி, அந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல், நாம் ஒருவரை வேலைக்கு அனுப்பினால் அவர் வந்து இப்படிச் சொல்கிறாரே என்று எல்லோரும் கேட்கப் பேசினார்கள். விஷயத்தை ஊரறியச் சொன்னார்கள், ஆளின் மானத்தையும் காத்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து வருவது எவ்வளவு அபூர்வம் என்பது ஜமாஅத் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இனி பேரரசுகள். நீங்கள் திருவாரூர்க்காரர் என்பதால் மனுநீதிச் சோழனிலிருந்து தொடங்குகிறேன். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதை சின்ன வயதிலேயே நம் காதில் விழுந்தது, கல்தேரும் கோயில் பக்கத்திலேயே நிற்கிறது. இதே மணி டெல்லியிலும் தொங்கியிருக்கிறது. அநீதிக்கு ஆளானவர்கள் சாயம் தோய்த்த உடை உடுத்தி வரட்டும் என்று டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் ஆணையிட்டார், ஏனென்றால் அங்கே மற்றவர்கள் எல்லாம் வெள்ளைதான் உடுத்துவார்கள். அதுவும் போதாதென்று, ராத்திரியில் வருகிறவர்களுக்காக அரண்மனை வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்களை வைத்துச் சங்கிலியும் பெரிய மணியும் கட்டினார். ஊர் ஊராகச் சுற்றிய பயணி இப்னு பதூதா எழுதி வைத்த செய்தி இது. 1605இல் ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்ததும் போட்ட முதல் உத்தரவே ஆக்ராவில் நீதிச் சங்கிலி கட்டுவதுதான். பொன் சங்கிலி, அறுபது மணிகள். அவரே தன் நினைவுக் குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார்.

மூன்றும் அழகான கதைகள். ஆனால் மணியை அடிக்க ஒருவன் கோட்டை வாசல் வரை நடந்து வர வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும், கேட்டாலும் எழுந்து வர மனசு வேண்டும். மகன் பட்டத்துக்கு வந்து சங்கிலியைக் கழற்றி உருக்கினால் தடுக்க ஆளில்லை. மணி என்பது ராஜாவின் குணத்தைச் சார்ந்தது. நம் ஊர்களில் "தலைவர் நல்ல மனுஷர், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்" என்கிறார்களே, அது இந்த மணிதான்.

அதே சோழ நாட்டின் இன்னொரு சரக்கைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டியவை. குடவோலை முறைக்காக எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது யார் யார் நிற்கக் கூடாது என்ற பகுதி. ஏற்கெனவே வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. அது பிராமணர்களின் சபை, நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் உரியது, ஆகவே அதை ஜனநாயகம் என்று தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு விதிக்கு ராஜாவின் நல்ல மனசு தேவையில்லை, கல்லில் இருக்கிறது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த வித்தியாசத்தைத்தான்: மணியா, கணக்கா?

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசும்போது நம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) ராத்திரி நகர்வலம், ஒட்டுப்போட்ட சட்டை என்றே நேரம் போய்விடும். அவர் செய்த நிர்வாக வேலையை யாரும் விரிப்பதில்லை. ஆளுநராக ஒருவரை அனுப்பும்போது அவர் சொத்தை எழுதி வைத்துக்கொள்வார். பதவியில் இருக்கும்போது அது கணக்குக்கு மீறிப் பெருகியிருந்தால் பாதியை எடுத்து பொதுக் கருவூலமான பைத்துல் மாலில் சேர்த்த சம்பவங்கள் உண்டு. எகிப்தை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் அவர்களுக்கே அது நடந்தது. விசாரிக்கப் போகிறவராக முஹம்மது இப்னு மஸ்லமா என்ற நபித்தோழர் இருந்தார். வருஷா வருஷம் ஹஜ்ஜுக்கு ஆளுநர்கள் வந்தாக வேண்டும், அங்கே அவர்கள் முன்னிலையிலேயே மக்களிடம் குறை கேட்பார். யோசித்துப் பாருங்கள், எல்லா ஊர்க்காரனும் எப்படியும் வந்து சேருகிற இடம், முன்பே தெரிந்த தேதி. மணி அடிக்க யாரும் தனியாக நடந்து போக வேண்டியதில்லை.

ஈராக்கின் கூஃபா நகர விவகாரம் இதில் எல்லாம் பெரியது. அதன் ஆளுநர் சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி). காதிஸிய்யாவில் பாரசீகப் படையை முறியடித்த தளபதி, சுவர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவர் மேலேயே கூஃபாக்காரர்கள் புகார் செய்தார்கள், அதுவும் "அவருக்கு ஒழுங்காகத் தொழ வைக்கத் தெரியவில்லை" என்று. உமர் சிரித்துத் தள்ளிவிட்டிருக்கலாம். "சஹாபியைக் குறை சொல்கிறாயா" என்று அதட்டியிருக்கலாம். அவர் சஅதைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், விளக்கம் திருப்தியாகவும் இருந்தது. அதோடும் விடவில்லை. சஅதோடு ஆள் அனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒன்று விடாமல் விசாரிக்க வைத்தார். எல்லா இடத்திலும் நல்ல பேர். பனூ அப்ஸ் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து, இவர் படையோடு போவதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, தீர்ப்பில் நீதி இல்லை என்றார். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்றே புகாரி அறிவிப்பின் போக்கு காட்டுகிறது.

சஅத் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். பிறகு உமர் மரணப் படுக்கையில் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரைச் சொன்னபோது அதில் சஅதின் பெயரும் இருந்தது. "திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரை நீக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். விசாரணை என்றாலே திருடன் என்று பொருளில்லை, பதவி போனால் மானமும் போக வேண்டியதில்லை. நம் ஜமாஅத்களில் இது இல்லாததால்தான் பள்ளிவாசல் சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் நாற்காலியை விட மறுக்கிறார்கள் என்பது என் எண்ணம். இறங்கினால் மறுநாளே "அவன் தின்னான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். அந்தப் பயம் இருக்கிறவன் எப்படி இறங்குவான்?

பாக்தாதிலிருந்து ஆண்ட அப்பாஸியக் கலீஃபாக்கள் காலத்தில் இந்தப் பயம் என்ன செய்தது என்று பார்க்கலாம். ஆரம்பத்தில் நல்ல யோசனைகள் இருந்தன. ஹாரூன் ரஷீதுக்கு இமாம் அபூ யூசுஃப் எழுதிய கராஜ் என்ற வரி நூலில், மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு தடவையாவது மக்களின் முறையீட்டைக் கேட்க உட்காருங்கள் என்று கலீஃபாவுக்கே சொல்கிறார். அதிகாரிகளின் மேல் வரும் புகாரை விசாரிக்கும் மளாலிம் மன்றம் ஒரு தனி அமைப்பாகவே வளர்ந்தது, பதினோராம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் மாவர்தீ அதற்கு விதிமுறையே எழுதினார்.

ஆனால் பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் வேறொரு பழக்கம் வேர் பிடித்தது. வஸீர் (முதன்மை அமைச்சர்) பதவியில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பதவி போன அன்றைக்கு அடுத்த வஸீர் அவரைப் பிடித்து அடைத்து, அடித்து, சொத்தைக் கறப்பார். முஸாதரா என்று பெயர். அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி திவான், அதாவது அலுவலகம்கூட இருந்தது. இப்னுல் ஃபுராத் என்பவர் மூன்று முறை வஸீராகி, மூன்று முறை வீழ்ந்து, 924இல் கொல்லப்பட்டார். நாளைக்கு எப்படியும் பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தவன் இன்றைக்கே இரண்டு மடங்கு சேர்க்கத்தான் பார்ப்பான். தட்டிக் கேட்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டு திருட்டை வளர்த்த ஏற்பாடு அது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர் ஒன்றில், ஊர் பெயர் வேண்டாம், தேர்தலில் புது அணி ஜெயித்தது. வந்ததும் முதல் வேலையாகப் பழைய நிர்வாகத்தின் ஒன்பது வருஷக் கணக்கைத் தோண்டினார்கள். என்னைத்தான் பார்க்கக் கூப்பிட்டார்கள். ரசீதுப் புத்தகங்களில் அடிக்கட்டை இல்லை, தேங்காய் ஏலத்துக்கு எழுத்து இல்லை, பெரிய ஓட்டை தெரிந்தது. அதற்கு நோட்டீஸ் அடித்து ஜும்ஆ முடிந்து வாசலில் கொடுத்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நீங்கள் வந்து ஐந்து மாதம் ஆகிறது, உங்கள் ஐந்து மாதக் கணக்கைக் காட்டுங்கள்." தலைவர் முகம் சுண்டிப்போனது. அடுத்த தடவை என்னைக் கூப்பிடவில்லை. அங்கே இன்றைக்கு மூன்றாவது அணி வந்து இரண்டாவது அணியின் கணக்கைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.

பாக்தாதுக்குத் திரும்பினால், 937இல் நடந்த ஒன்று டெல்டாக்காரன் வயிற்றைக் கலக்கும். இப்னு ராயிக் என்ற அமீர், எதிராளியின் படை வருவதைத் தடுக்க நஹ்ரவான் பெருங்கால்வாயின் கரையை வெட்டிவிட்டார். தலைமுறை தலைமுறையாக வயலுக்குப் பாய்ந்த தண்ணீர். வெண்ணாற்றுக் கரையை ஒருவன் தன் பதவிச் சண்டைக்காக வெட்டினால் கடைமடை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்தவர் கடைசியில் பாக்தாதுக்குள் வந்தும்விட்டார். 945இல் புவைஹி வம்சத்தார் நகரத்தைப் பிடித்தபோது கலீஃபாவின் கையில் முத்திரை மோதிரத்தைத் தவிர அதிகம் மிச்சமில்லை. 1258இல் மங்கோலியர் வந்தது அதற்கும் முந்நூறு வருஷம் கழித்து.

அதனால், "கணக்குக் கேட்காததால்தான் விழுந்தனவா" என்றால், அப்படி ஒற்றைக் காரணம் சொல்லும் பயானை நம்பாதீர்கள். மங்கோலியப் படைக்கு முன்னால் ஒழுங்காகக் கணக்கு எழுதிய நாடுகளும் விழுந்தன. உள்ளே கேள்வி கேட்கும் இடம் மூடியிருந்தால், வெளியிலிருந்து அடி விழும்போது ஊரோடு சேர்ந்து நிற்க ஆள் இருக்காது என்பது வரைக்கும் சொல்லலாம்.

வக்ஃப் சொத்துக்கு, அதாவது இறைவழியில் நிலையாக எழுதி வைத்த சொத்துக்கு, நேரடியாகப் பொருந்துவது இப்னு கல்தூனின் அனுபவம். பேரரசுகள் எழுவதையும் விழுவதையும் பற்றி எழுதிய அதே மனிதர்தான். 1384இல் கெய்ரோவில் மாலிகி சட்டப்பிரிவின் காழியாக (நீதிபதியாக) நியமிக்கப்பட்டார். வக்ஃப் சொத்தைப் போலிப் பத்திரத்தால் விழுங்கும் எழுத்தர்களையும் கூலிக்குச் சாட்சி சொல்பவர்களையும் பிடித்துத் தண்டித்தார். பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஒரு வருஷம்போலத்தான் தாங்கினார், பதவி போனது. பிறகு பல தடவை அதே பதவி கொடுப்பதும் பிடுங்குவதுமாக இருந்தது. அவ்வளவு பெரிய அறிஞருக்கே அந்த நிலை என்றால், உங்கள் ஊர் ஹஜ்ரத்தை, அதாவது இமாமை, நினைத்துப் பாருங்கள். கேள்வி கேட்க வேண்டியவர் அவர், ஆனால் சம்பளம் வாங்குவது பதில் சொல்ல வேண்டியவரிடம். ஹஜ்ரத் ஏன் மிம்பரில் பேசவில்லை என்று கோபப்படுகிற இளைஞர்கள் இதை யோசிப்பதில்லை.

துருக்கியை ஆண்ட உஸ்மானியரைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே வக்ஃபுக்கு முத்தவல்லி ஒருவர், அவரைக் கண்காணிக்க நாழிர் என்று இன்னொருவர். சிதறிக் கிடந்த இந்த நிர்வாகத்தில் ஊழல் என்று சொல்லி 1826இல் இரண்டாம் மஹ்மூது ஒரு வக்ஃப் அமைச்சகம் தொடங்கி எல்லாவற்றையும் அரசின் கையில் சேர்த்தார். வருமானம் அரசாங்கச் செலவுக்குத் திரும்பியது, மதரஸாக்களும் பள்ளிவாசல்களும் பழுதுபார்க்கப் பணமின்றி நின்றன. ஊழலைக் காட்டி மேலே இருப்பவர் எடுத்துக்கொள்வார், எடுத்தவரைக் கேட்க அப்புறம் ஆள் இருக்காது.

"வெளியே தெரிந்தால் சமுதாயத்துக்குக் கேவலம், இந்தக் காலத்தில் வேண்டுமா" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கவலையில் பாதி உண்மை. 2025 வக்ஃப் திருத்தச் சட்டத்தின் மேல் ஊரில் எல்லோருக்கும் ஆதங்கம் இருக்கிறது, அதன் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் அதே வருஷம் செப்டம்பரில் நிறுத்தியும் வைத்தது. ஆனால் கணக்குக் கொடுக்கும் கடமை அந்தச் சட்டத்தோடு வந்ததல்ல. முத்தவல்லி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது, 1995 சட்டத்திலும் வருஷாந்திரக் கணக்கும் தணிக்கையும் உண்டு. வாசிக்காத கணக்கு ஊருக்குள் வதந்தியாகிறது, ஊருக்கு வெளியே நம்மைத் தூற்றுகிறவனுக்கு ஆயுதமாகிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஏழு வருஷக் கணக்கை முதலில் கேட்காதீர்கள். அது முஸாதரா வாசனை அடிக்கும், அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த வருஷக் கணக்கைக் கேளுங்கள். நஞ்சைக் குத்தகை குறுவைக்கு எவ்வளவு, சம்பாவுக்கு எவ்வளவு, குத்தகைதாரர் யார், பாக்கி எவ்வளவு. தேங்காய் ஏலம் என்றைக்கு, எத்தனை பேர் கேட்டார்கள். கடை வாடகை கடைசியாக எப்போது உயர்த்தப்பட்டது. என் அனுபவத்தில் பெரிய ஓட்டை பெரும்பாலும் வாடகையில்தான் இருக்கும், உண்டியலில் அல்ல. இருபது வருஷத்துக்கு முந்தைய வாடகைக்கு நிர்வாகியின் மச்சான் கடை வைத்திருப்பார். அதில் யாரும் ஒரு ரூபாய்கூடத் திருடியிருக்க மாட்டார்கள், பேரேட்டில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

தனியாகக் கேட்காதீர்கள். தலைக்கட்டு வரி கட்டுகிற பத்துப் பேராவது, இரண்டு அணியிலிருந்தும், கையெழுத்துப் போட்டுக் கடிதமாகக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அங்கே போட்டால் கணக்கு போய் மானம்தான் விவாதமாகும். ஜகாத், ஃபித்ரா வரவைப் பொது வரவோடு கலக்காமல் தனியாகக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு உரியவர்கள் யார் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசிக்கும் இருப்புப் புத்தகம் வேண்டும். பெண்கள் கொடுக்கும் பணத்துக்குக் கணக்கைப் பெண்களும் கேட்கும் ஏற்பாடு இருக்கட்டும், ஒலிபெருக்கி இருக்கும்போது அது கஷ்டமே இல்லை. நான் செயலாளராக இருந்த முதல் வருஷம் அப்படித்தான் வாசித்தேன். மறுநாள் ஒரு ராத்தா (மூத்த பெண்மணி) பேரனை அனுப்பி, துடைப்பத்துக்கும் பினாயிலுக்கும் 1,140 ரூபாய் எழுதியிருக்கிறீர்களே, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுவிட்டார். வவுச்சரைப் பார்த்தால் எட்டு மாதத்துக்கு. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து மாதத்தையும் சேர்த்து எழுதினேன்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால், பள்ளிவாசல் வக்ஃப் வாரியத்தில் பதிவானதா என்று பாருங்கள். பதிவானது என்றால் அங்கே கணக்குத் தாக்கலாகியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வக்ஃபில் அக்கறை உள்ள எவரும் பிரமாணப் பத்திரத்தோடு நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்க மனு கொடுக்க 1995 சட்டத்தின் 70ஆம் பிரிவு வழி செய்கிறது. காரைக்கால் பக்கத்து நண்பர்கள் புதுச்சேரி வாரியத்தை அணுக வேண்டும், சென்னைக்கு எழுதிப் பயனில்லை. ஆனால் இது கடைசிப் படி. முதலிலேயே இதைத் தொட்டால் ஊர் இரண்டாகும்.

அப்புறம், பொதுக்குழுத் தேதியை ஆளுக்கு ஆள் மாற்ற முடியாதபடி வருஷத்துக்கு ஒரே நாளாக வைக்கத் தீர்மானம் போடுங்கள். ஷஅபானில் ஒரு வெள்ளிக்கிழமை என்று எழுதிக்கொள்ளலாம், ரமலான் வசூல் தொடங்குவதற்கு முன்னால் போன வருஷக் கணக்கு முடிந்துவிடும். நேரம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு இருக்கட்டும். சவூதியிலும் குவைத்திலும் இருப்பவர்களுக்கு அன்று விடுமுறை, துபாயில் பல அலுவலகங்களில் அரை நாள் வேலை. சிங்கப்பூரில் இருப்பவர்கள்தான் கொஞ்சம் தூக்கத்தை விட வேண்டியிருக்கும், அவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.